பூத்தால்தான் தெரியுமா?

வழிகாட்டி என்று அட்டையில் அச்சிட்டுவிட்டால் நூல் வழிகாட்டிவிடுமா? பாலைவனத் தாவரங்களைப் பூவின் நிறப்படி அடுக்கிய நூல்களைப் பலரும் நம்பி வாங்குகின்றனர். வட அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் வளரும் ஒகோட்டியோச் செடி ஆண்டின் பெரும்பகுதி பூவின்றியே நிற்கும். வறண்ட நாட்களில் இலையுமின்றி வெறும் முட்கழிகளாய்த் தோன்றும். அப்போது அந்நூல் எதைச் சொல்லும்?

விலங்குகளிலோ பிழை உயிரையே பறிக்கும். நஞ்சற்ற கோபர் பாம்பு, அஞ்சினால் கிலுகிலுப்பைப் பாம்பைப் போல வாலை அதிர்விக்கும். அதனாலேயே அடிபட்டுச் சாகும். வால் நுனியில் கிலுகிலுப்பை இல்லை என்பதை ஒரு சித்திரம் உணர்த்திவிடும். 1934 இல் ரோஜர் டோரி பீற்றர்சன் தமது பறவை நூலில் சுட்டுக்கோடுகளால் அதைத்தான் செய்தார்.

வேறுபாட்டைக் காட்டும் நூலையே வாங்குங்கள். அழகுப் படங்களுக்கு நாட்காட்டி போதும்.