பாட்டுக்குத் தமிழ், செய்திக்கு?

தமிழிலே பாட்டுக் கேட்க வேண்டுமா? விடியுமுன்னரே தொடங்கிவிடுகிறது. தமிழிலே நாடகம் பார்க்க வேண்டுமா? சென்னையில் எடுத்த மாமியார் மருமகள் சண்டைகள் பொழுது சாயுமுன் ஆரம்பித்து, பாய் விரிக்கும் வேளை வரை ஓய்வதில்லை. சவர்க்காரமும் பால்மாவும் வாங்குமாறு நம்மை வேண்டி நிற்கும் குரல்களுக்கும் தமிழ் நன்றாகவே வருகிறது. இந்நாட்டில் தமிழனிடம் பொருள் விற்க விரும்பிய எவனும் தமிழை மறந்தான் என்று நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆனால், 2023ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பாற்பண்ணையாளர்கள் வீதியோரத்தில் அமர்ந்து போராடினார்களே, அவர்கள் எதற்காக அமர்ந்தார்கள் என்பதைக் குருநாகலில் மாடு வளர்க்கும் ஒரு சிங்களக் கமக்காரன் தன் வீட்டுத் தொலைக்காட்சியில், தன் மொழியில், அவர்களுடைய வாயாலேயே கேட்டறிந்தானா? நுவரெலியாத் தோட்டத்து லயத்தில் வாழ்பவனுக்காவது அது சொல்லப்பட்டதா? ஒரே தொழில் செய்கிறவர்கள், ஒரே மழையை எதிர்பார்த்திருப்பவர்கள், ஒருவரை ஒருவர் அறியாதிருக்கிறார்கள். அறியாதிருக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்வதே பொருந்தும்.

வானொலியும் தொலைக்காட்சியும் மக்களுக்கு அறிவிக்கும், மக்களை மகிழ்விக்கும், மக்களை இணைக்கும் என்று மாணவர்களுக்குப் போதிக்கிறார்கள். இம்மூன்றிலே மகிழ்விப்பதை மட்டும் நமக்குத் தாராளமாக அளந்து கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் கொழும்பு தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டது என்பதே நமது குற்றச்சாட்டு. செய்தி கொழும்பிலிருந்து நம்மை நோக்கி வருகிறது. நம்மிடமிருந்து கொழும்பை நோக்கிச் செல்வதில்லை. போக மட்டும் வழியுள்ள பாதையை ஊரார் பாதை என்று ஒப்புக்கொள்வார்களா?

இது இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று. கொழும்பிலே வானொலி ஒலிபரப்பு முறைப்படி தொடங்கியது 1925ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். இங்கிலாந்தில் பி.பி.சி. பிறந்து மூன்றே ஆண்டுகளின் பின்! ஆசியாவுக்கே முன்னோடி என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் வரலாறு அது. 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. அவ்வர்த்தக சேவையின் தமிழ் ஒலிபரப்பைக் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டு மக்கள் எவ்வளவு ஆவலுடன் கேட்டார்கள் என்பதை அந்நாட்களில் அங்கு வாழ்ந்த முதியவர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் பெயர்களை இன்றும் மறவாது சொல்வார்கள்.

1956ஆம் ஆண்டிலே சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டமியற்றிய அரசாங்கம், தன் வர்த்தக சேவையில் தமிழ்ப் பாட்டை நிறுத்தியதா? நிறுத்தவில்லை. விளம்பரக் கட்டணம் வருகிறதே! கச்சேரிக்குள் நுழையத் தகுதியற்ற மொழி, காசு கொண்டுவரத் தகுதியுள்ள மொழியாயிருந்தது. என்னே விந்தை!

அந்நாளைய வானொலிக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். ‘சானா’ சண்முகநாதனின் ‘லண்டன் கந்தையா’, இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ போன்ற நாடகங்களிலே நமது ஊர்ப் பேச்சு, நமது முற்றம், நமது குறும்பு, நமது அற்பத்தனம் கூட, நமது காதுக்கே திரும்பி வந்தன. தன்னைத் தானே கேட்கும் சமூகமாகத் தமிழ்ச் சமூகம் சிறிது காலம் இருந்தது. இன்று நம் குழந்தைகளுக்குச் சென்னைத் தொடர்களின் வீட்டு வாசல் தெரிந்த அளவுக்கு வன்னியின் குளக்கட்டுத் தெரியாது. சென்னை நாடகத்தின் மீது நமக்கு வெறுப்பில்லை. அது நம் மொழி. ஆனால் அடுத்த வீட்டுச் சோறு எவ்வளவு உருசியாயினும், நம் அடுப்பை அணைத்துவிட்டு அதையே உண்பது குடித்தனம் ஆகாது.

தொலைக்காட்சியின் கதைக்கு வருவோம். 1979ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் தனியார் முயற்சியாகத் தொடங்கிய சுயாதீனத் தொலைக்காட்சியை இரண்டு மாதத்திற்குள் அரசாங்கம் தன்வசம் எடுத்தது. பெயரில் மட்டும் ‘சுயாதீனம்’ எஞ்சியது! 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் யப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது. வடபுலத்துக்குப் படத்தை அனுப்பக் கொக்காவிலில் ஒரு கோபுரம் எழுந்தது. 1990ஆம் ஆண்டுப் போரில் அது அழிந்தது. புதிய கோபுரம் திறக்கப்பட்டது 2011ஆம் ஆண்டு யூன் மாதத்தில். இடையிலே இருபத்தொரு ஆண்டுகள்.

அந்த இருபத்தொரு ஆண்டுகளில் நம் மக்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் ‘தமிழருக்குப் பாட்டுப் போதும்’ என்று எண்ணுவோர் அறிய வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. வானொலிப் பெட்டிக்குப் பற்றரி வாங்கவும் வழியில்லை. அதுவும் பொருளாதாரத் தடையில் அகப்பட்டிருந்தது. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலியை இயக்கினார்கள். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி தேய்ந்துபோகும். உடனே இன்னொருவன் கைமாற்றுவான். சுற்றிவர அயலார் அனைவரும் நிற்பார்கள். அவர்கள் காத்திருந்தது கொழும்புக்காகவா? இல்லை. இலண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசைக்காக. இருபது மைலுக்கு இப்பால் விழுந்த குண்டைப் பற்றிய உண்மையை ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கேட்டறிந்த மக்கள் நாம். செய்திக்காக இவ்வளவு வியர்வை சிந்திய மக்களைப் பார்த்து, ‘இவர்களுக்குக் கேளிக்கை போதும்’ என்று எவன் சொல்லத் துணிவான்?

அத்தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன், 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆந் திகதி இரவு, ஊரடங்கு நடைமுறையிலிருந்த வேளையிலே, தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 1941இல் தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017ஆம் ஆண்டு ஏப்ரில் இறுதியில் நின்றுபோயிற்று. இலண்டனை நாம் குறை கூற மாட்டோம். அயலான் எத்தனை காலத்துக்கு நமக்காகத் தண்ணீர் சுமப்பான்?

‘இது தமிழரின் குறைதானே; நாட்டுக்கு என்ன நட்டம்?’ என்று கேட்போருக்கு ஒரு நாளை நினைவூட்டுகிறோம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26. காலை ஒன்பது மணி ஆகுமுன்னரே கடல் எழுந்து கிழக்குக் கரையை விழுங்கியது. கல்முனையில் மனிதர்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். அந்நேரத்திலே கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சனம் நிறைந்த புகையிரதமொன்று தெற்குக் கரை வழியே சென்றுகொண்டிருந்தது. ஏறத்தாழ ஒன்பதரை மணிக்குப் பெரலியவில் அதனைக் கடல் புரட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்விடத்திலே மாண்டனர். ஆழிப்பேரலையை முன்னறிந்து சொல்லும் ஏற்பாடு அந்நாளில் இந்நாட்டில் இருக்கவில்லை என்பது மெய். ஆனால் இங்கே முன்னறிவா வேண்டியிருந்தது? கடல் ஏற்கெனவே வந்துவிட்டதே! கிழக்கு கண்ணால் கண்டதைத் தெற்கின் காதிற் போட ஏறத்தாழ முக்கால் மணி நேரம் இருந்தது. கிழக்கிலிருந்து வரும் குரலை உடனே எடுத்து நாடெங்கும் ஒலிக்கும் பழக்கம் இருந்த ஒரு வானொலி அன்று எத்தனை உயிரைக் காத்திருக்கும்! தமிழ் பேசும் கரையின் கூக்குரலைக் கேட்கப் பழகாத நாடு, சிங்களம் பேசும் கரையின் பிள்ளைகளையும் இழந்தது. அடுத்த ஆண்டிலே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையமும் வந்தது. பழக்கம் வந்ததா என்பதே நமது கேள்வி.

கமக்காரப் பெருமக்களுக்கு வேறு சான்றும் வேண்டுமோ? 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே, ஒரே வர்த்தமானியால், இரசாயனப் பசளையின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அரச ஒளிபரப்பு என்ன செய்தது? இயற்கைப் பசளையின் பெருமையைப் பாடிற்று. வயலிலே பயிர் மஞ்சளாகிக்கொண்டிருக்கையில் திரையிலே பச்சையாகவே இருந்தது! கிளிநொச்சிக் கமக்காரனும் பொலன்னறுவைக் கமக்காரனும் அன்று ஒரே கூக்குரலை எழுப்பினார்கள். ஆனால் ஒருவர் குரல் மற்றவரைச் சென்றடைய அந்தத் திரை உதவவில்லை. நொவெம்பரிலே அரசாங்கம் பின்வாங்கிற்று. அதற்குள் பெரும்போகத்து விதைப்பு முடிந்துவிட்டது. மறு ஆண்டு யூலை 13ஆந் திகதி, நாடே கொதித்தெழுந்த வேளையில், கிளர்ச்சியாளர்கள் ரூபவாஹினி நிலையத்துட் புகுந்தனர். ஒளிபரப்புச் சிறிது நேரம் நின்றது. பூட்டு எங்கே தொங்குகிறது என்பதைத் தென்னிலங்கை இளைஞரும் கண்டுகொண்டனர் என்றே நாம் அச்சம்பவத்தைப் படிக்கிறோம்.

ஆட்சியாளரின் மறுமொழி நமக்குத் தெரியும். ‘நேத்ரா இருக்கிறது, வசந்தம் இருக்கிறது, தனியார் தமிழ்த் தொலைக்காட்சிகள் இருக்கின்றன, இன்னும் என்ன வேண்டும்?’ என்பார்கள். தமிழிலே பேசுவது வேறு. தமிழரைக் கேட்பது வேறு. மந்திரி ஒருவர் பாலம் திறந்ததைத் தமிழில் வாசித்துவிட்டால் அது தமிழ்ச் செய்தியாகிவிடாது. அந்தப் பாலம் யாருடைய வயலை வெட்டிக்கொண்டு போயிற்று என்று ஒருவன் நேரிற் சென்று கேட்டு வந்து சொல்வதே செய்தி. அதைச் சிங்களத்திலும் சொன்னாலன்றி இணைப்பு என்ற சொல்லுக்குப் பொருளில்லை. நம் துன்பத்தை நமக்கே தமிழிற் படித்துக் காட்டி என்ன பயன்? அது நமக்கு முன்னரே தெரியும்.

‘இப்போது எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறதே’ என்பது மற்றொரு மறுமொழி. இருக்கிறது. 2018ஆம் ஆண்டு மார்ச்சிலே கண்டி திகனையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அந்தத் தொலைபேசி வழியே என்ன பரவிற்று? பொய்யும் பகையும் பரவின. அரசாங்கம் முகநூலை முடக்கியது. அந்நிறுவனமே 2020இல் தன் தளம் அவ்வாறு பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது. நம்பத்தக்க செய்தி வராத வீட்டுக்கு வதந்தி அழையாமலே வரும். நம்மவரிடையிலும் வருகிறது, மருந்தைப் பற்றியும், விதையைப் பற்றியும், அயற்சமூகத்தைப் பற்றியும் எவனோ எழுதியதைப் படித்தவர்களே ஆராயாமல் அனுப்புகிறார்கள்.

படித்தவர்கள் என்றதும் வைத்தியர், சட்டத்தரணி, பொறியியலாளர், உத்தியோகத்தர் ஆகிய பெருமக்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பத்திரிகை இந்நாட்டில் இரத்தம் சிந்தி வாழ்ந்தது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்களிலே ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. 2006ஆம் ஆண்டு மே 2ஆந் திகதி ‘உதயன்’ காரியாலயத்துட் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். இவ்வாறு தப்பிப் பிழைத்த பத்திரிகைகளைத் தேநீர்க்கடையில் இரவல் வாங்கித் தலையங்கம் மட்டும் பார்த்துவிட்டு, வீட்டிலே ஆங்கிலப் பத்திரிகைக்கும் சென்னைச் செய்மதி அலைகளுக்கும் மாதந்தோறும் பணம் கட்டுகிறவர்கள் உங்களில் எத்தனை பேர்? மாகாணத்து நிருபருக்கு வாழப் போதிய சம்பளம் கொடுக்க முடியாத பத்திரிகை, அறிக்கையை அச்சிடும் பத்திரிகையாகத்தான் முடியும். அறிக்கை இலவசமாக வருகிறது. உண்மையைத் தேடிப் போக பஸ் கட்டணம் வேண்டும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டு நொவெம்பரில் வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. மாகாண சபைகளையும் ஆக்கிற்று. ஆனால் ஒலிபரப்பும் தொலைக்காட்சியும் எந்த நிரலிலே வைக்கப்பட்டன? மத்திய அரசாங்கத்துக்கு ஒதுக்கிய நிரலிலே, தேசப் பாதுகாப்பும் வெளிநாட்டு விவகாரமும் இருக்கும் அதே நிரலிலே! சந்தை விலை சொல்லும் வானொலியும் பீரங்கியும் ஒரே அலுமாரியில். காணியைப் பற்றியும் காவற்றுறையைப் பற்றியும் மேடைதோறும் முழங்கிய நம் பிரதிநிதிகள் இந்த ஒரு சொல்லைப் பற்றி எத்தனை தரம் வாய் திறந்தார்கள்?

நாம் கேட்பது ஆகாயக் கோட்டையன்று. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் ஆகிய மூன்று இடங்களிலும் அரச ஒளிபரப்புக்குச் சொந்தச் செய்தியறையும், அங்கேயே தீர்மானிக்கும் அதிகாரமுள்ள ஆசிரியரும் வேண்டும். அவ்வறைகளில் எழும் செய்தி அன்றைக்கே சிங்களச் செய்தியிலும் இடம்பெறச் சட்டம் கடமைப்படுத்த வேண்டும். பணிப்பாளர் சபையை மந்திரியின் கையிலிருந்து எடுத்து, பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் ஆணைக்குழுவொன்றிடம் கொடுக்க வேண்டும். புயல், வெள்ளம், மண்சரிவு எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நிமிடத்தில் ஒலிக்க வேண்டும். தமிழ் பிந்தினால் பொறுப்பான உத்தியோகத்தர் பெயர் சொல்லிப் பதிலளிக்க வேண்டும். கமக்காரன் மண்வெட்டியோடு புறப்படுமுன், விடிகாலை ஐந்து மணிக்கு, தம்புள்ளைச் சந்தையில் வெங்காயமும் மிளகாயும் என்ன விலைக்குப் போயின, இறக்குமதித் தீர்வை நள்ளிரவில் மாறிற்றா என்பதைத் தமிழிற் சொல்ல வேண்டும். முகவர் சொல்லும் விலைக்கு அவன் தலையாட்டும் நாள் முடிய வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் இருந்து கையிலிருக்கிறது. அரச ஒளிபரப்பு நிலையங்களில் தமிழ்ச் செய்திக்கு எத்தனை நிருபர், அவர்களில் கொழும்புக்கு வெளியே எத்தனை பேர், அவர்களுக்குச் செலவிடும் தொகை என்ன என்ற மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி அனுப்பச் சட்டத்தரணி ஒருவருக்கு அரை மணி நேரம் போதும். பதில் வந்ததும் அதை நம் பாராளுமன்ற உறுப்பினரின் கையிற் கொடுப்போம். அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலே ஊடக மந்திரியின் செலவினம் வாக்கெடுப்புக்கு வரும் நாளில் அவர் சபையில் இருக்கிறாரா, இருந்தால் அந்தத் தாளை வாசிக்கிறாரா என்று பார்ப்போம்.