வெந்நீர்க் கேத்தலும் ஒரு பழைய றைபிளும்

கனடாவின் பிரம்ப்டன் நகரில் வாழும் என் மருமகன், அதாவது அக்காவின் மூத்த மகன், சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் ஒரு வினாவைத் தொடுத்தான். "மாமா, பழைய 303 துவக்கைச் சுட்ட பிறகு குழாய்க்குள் கொதிநீர் ஊற்ற வேண்டும் என்று இங்குள்ள கழகத்தில் சொல்கிறார்கள். இரும்புக்குள் தண்ணீர் ஊற்றினால் துருப் பிடிக்காதா?"

விடை எனக்குத் தெரியும். நாற்பதாண்டு காலப் பத்திரிகைப் பணியில் தெரிந்துகொண்டதன்று. அறுபதுகளில் நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றின் துரை பங்களாவில் என் தந்தையார் அப்புவாக, அதாவது சமையற்காரராக, இருந்தார். துரை காட்டுப்பன்றி சுட்டுத் திரும்பும் நாட்களில் குசினியிலிருந்து கேத்தல் நிறையக் கொதிநீர் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலைகளுள் ஒன்று. தூணோரம் நின்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன். துரை புனல் வைத்து நீரை ஊற்றுவார். குழாயின் மறுமுனையிலிருந்து கருஞ்சாந்து போல் அழுக்கு வழியும். குழாய் கைவைக்க முடியாதபடி சூடேறிவிடும். அச்சூட்டிலேயே ஈரம் உலர்ந்துவிடும். அதன் பின்னர்தான் துணியும் எண்ணெயும்.

காரணம் இதுதான். பழைய இராணுவ ரவைகளின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் குழாய்க்குள் ஒருவகை உப்புப் படிகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் சபரகமுவ மழையில், இரத்தினபுரியிலிருந்து களவானை போகும் அந்தப் பாதையோர ஊர்களில், ஓர் இரவு போதும், குழாய் உள்ளே அரிக்கத் தொடங்கிவிடும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். ஆகவே கேத்தல்.

இதை மருமகனுக்குச் சொன்னேன். அவன் மகிழ்ந்தான். பிறகு தன் றைபிளைப் பற்றி அரை மணி நேரம் பேசினான்.

அவனிடமிருப்பது லீ என்ஃபீல்ட் நான்காம் இலக்கம். 1943இல், ஒன்ராறியோவின் லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான றைபிள்கள் உருவாகின. தொழிலாளரில் பெருந்தொகையினர் பெண்கள். அவர்களது பரிசோதனைக் கட்டடம் இன்று மிசிசாகாவில் கலைக்கூடமாக நிற்கிறது. பிரம்ப்டனிலிருந்து காரில் எட்டிவிடும் தூரம். தன் வீட்டுக்கு அருகே பிறந்த ஒரு பொருள் உலகைச் சுற்றிவிட்டு மறுபடி தன் கைக்கு வந்திருக்கிறது என்பதில் அவனுக்கு ஒரு பெருமிதம்.

இந்தப் பொழுதுபோக்கை எள்ளி நகையாட நான் வரவில்லை. அவன் விவரித்ததைக் கேட்டபோது இது பொறுமையுடையோரின் கலை என்றே தோன்றிற்று. பூட்டுக்கம்பியில் பொறித்த இலக்கமும் உடலில் பொறித்த இலக்கமும் ஒன்றாயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்றாயிராவிட்டால், ரவையின் அடிவிளிம்புக்கும் பூட்டுத்தலைக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளியை அளவுகோல் கொண்டு சோதிக்காமல் சுடக் கூடாது. இடைவெளி மிகுந்தால் பித்தளைக் கோது கிழிந்து சூடான வாயு சுடுபவரை நோக்கிப் பாயலாம். இந்நான்காம் இலக்கத்துக்குப் பூட்டுத்தலைகளைச் சுழியம் முதல் மூன்று வரை நான்கு அளவுகளில் செய்து வைத்திருந்தார்கள். பெரியதை மாட்டினால் இடைவெளி சுருங்கும். மரப்பிடிக்கு வார்னிஷ் ஆகாது, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஊறவிட வேண்டும். பிடியின் அடியில் சிறு பித்தளை மூடி. அதைத் திறந்தால் எண்ணெய்க் குப்பியும் துணி இழுக்கும் கயிறும் வைக்கும் பொந்து. வேட்டைக்காக முன்மரத்தை அறுத்துக் குறுக்கிய துவக்குகளைக் கண்டால் சேகரிப்போர் தலையில் அடித்துக்கொள்வார்களாம். எங்கள் துரையினுடையதும் அப்படி அறுக்கப்பட்டதுதான். மருமகனிடம் அதைச் சொல்லவில்லை.

கனடாவில் இதற்குச் சட்டம் உண்டு. பாதுகாப்புப் பாடநெறி, பரீட்சை, அனுமதிப்பத்திரம், பூட்டி வைக்கும் கடப்பாடு எல்லாவற்றையும் அவன் ஒழுங்காகச் செய்திருக்கிறான். குறை சொல்ல ஏதுமில்லை.

ஆனால் என் அக்கா அந்த அறைக்குள் போவதில்லை.

மருமகன் இதை ஒரு கிழவியின் அச்சமாகவே சொன்னான். "அம்மாவுக்கு விளங்கவில்லை மாமா. இது வெறும் சரித்திரம். யாரையும் சுடுவதற்கில்லை." அவன் 1979இல் பிறந்தவன். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்முறை பரவியபோது அவனுக்கு இரண்டு வயது. லயத்துக்குத் தீ வைத்த இரவில் அக்கா அவனை இடுப்பில் சுமந்து, அழாமலிருக்க வாயைப் பொத்தியபடி, இறப்பர் மலைக்குள் விடியும்வரை பதுங்கியிருந்தாள். அதன்பின் பலரைப் போல் அவர்களும் வவுனியாப் பக்கம் போனார்கள். நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியன். செய்தியை மேசையில் வைத்துத் திருத்தியபோது அது என் அக்காவின் தோட்டம் என்று அறியாதிருந்தேன். அன்றிரவு வீதியில் துவக்கோடு நின்றவர்கள் இருந்தார்கள் என்பாள் அக்கா. அவர்கள் எவரையும் சுடவுமில்லை, எவரையும் தடுக்கவுமில்லை. அவளுடைய அச்சம் துவக்கு வெடிப்பதைப் பற்றியதன்று.

"வெறும் சரித்திரம்" என்ற சொற்றொடரோடுதான் எனக்குச் சண்டை. சேகரிப்போரின் சரித்திரம் தொழிற்சாலை முத்திரையில் தொடங்கிப் போர்முனையில் முடிகிறது. எந்த ஆண்டு, எந்த ஆலை, எந்தப் படையணி. நல்லதுதான். ஆனால் இலங்கைத் தோட்டங்களில் இதே துவக்குக்கு வேறொரு சரித்திரம் உண்டு. அது குழாயின் மறுமுனையிலிருந்து எழுதப்பட வேண்டியது.

1900ஆம் ஆண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியருக்கு மட்டுமே அதில் இடம். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அப்படையிலிருந்து 1914இல் இருநூற்றுக்கு மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறினர். கலிபொலியில் ஜெனரல் பேர்ட்வூட்டின் காவலராகவும் நின்றனர். இதைச் சேகரிப்போர் விரும்பிப் படிப்பார்கள். அடுத்த ஆண்டைப் பற்றி அவ்வளவு விரும்பிப் படிப்பார்களா என்பது ஐயமே. 1915 கலவரத்தின்போது ஜூன் 2ஆம் திகதி மேல் மாகாணத்திலும் சபரகமுவ மாகாணத்திலும் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஆகஸ்ட் இறுதி வரை அது நீடித்தது. பஞ்சாபிப் படையினரோடு வெள்ளைத் தோட்டத்துரைமாரும் தொண்டர்களாகத் துவக்குடன் கிராமங்களுக்குள் அனுப்பப்பட்டனர். விசாரணையின்றிச் சுடப்பட்டவர்களின் கதையைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் எடுத்துரைத்தார், 1916இல் நூலாகவும் வெளியிட்டார். இன்றும் நம் நாட்டில் நடைமுறையிலுள்ள சுடுகலன் கட்டளைச் சட்டம் அதே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமே. இடையிடையே திருத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படை 1949இல் கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. துவக்கு ஏந்தியவர்கள் ஊருக்குப் போனார்கள். கொழுந்து பறித்தவர்கள் ஊரில்லாதவர்களானார்கள்.

தோட்டத்துக்குள் சுட்டது துரைமார் மட்டுமல்லர். 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் சூட்டில் விழுந்தார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. பொலிஸ்மா அதிபர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற வழக்கில் ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் முரண்பாடு முற்றி அமைச்சரவையே பதவி விலகிற்று. ஒரு கூலித் தொழிலாளியின் சாவு ஆட்சியை அசைத்தது என்று நாம் எழுதிக்கொள்கிறோம். உண்மையில் அசைத்தது அதிகாரப் போட்டிதான். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் 7,000 ஏக்கர் காணி பறிபோவதை எதிர்த்தவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் சிவனு இலட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். ஜனவரி 10 மலையகத் தியாகிகள் தினமாக இன்று நினைவுகூரப்படுகிறது. நினைவுகூருவோர் தொகை ஆண்டுக்காண்டு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

303ஐ நானே அருகிருந்து கண்டது 1971 ஏப்ரலில். அப்போது எனக்கு வயது பதினாறு. கேகாலை மாவட்டம் கிளர்ச்சியாளரின் வலுவான தளங்களுள் ஒன்றாயிருந்தது. வேட்டைத் துவக்குகளும் கைக்குண்டுகளும் கொண்டு பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய சிங்கள இளைஞர்களுக்கு எதிரே பொலிஸாரிடமிருந்தது இந்தப் பத்து ரவைத் துவக்கே. அவ்விளைஞர்களின் ஐந்து வகுப்புகளுள் ஒன்று எங்களை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவி என்று போதித்தது. எங்களை எதிரியாய் எண்ணியவர்களும் எங்களைப் போலவே ஏழைகள், அவர்களைச் சுட்டதும் எங்களைச் சுட்ட அதே துவக்கு. இதை எந்தச் சேகரிப்பாளரின் பட்டியலில் எழுதுவது?

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு, "எங்களிடமும் அன்று துவக்கு இருந்திருந்தால்" என்று பெருமூச்செறியும் வாசகர் சிலர் எனக்கு எழுதுவார்கள். முன்னரும் எழுதியிருக்கிறார்கள். எங்களவர் கையிலும் பிற்காலத்தில் துவக்கு வந்தது. அது யார் யாரையெல்லாம் சுட்டது என்பதை முப்பது ஆண்டுகள் செய்தியாக எழுதியவன் நான். அந்தப் பெருமூச்சில் எனக்குப் பங்கில்லை.

303இன் காலம் நம் கண் முன்னேதான் முடிந்தது. 2008 நவம்பரில் மும்பாய் சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் தன்னியக்கத் துவக்குகளோடு வந்தவர்களை எதிர்கொண்ட பொலிஸாரிடமும் இந்தப் பழசுதான் இருந்தது. உத்தரப் பிரதேசப் பொலிஸார் 2020 குடியரசு தினத்தன்று இதற்கு மரியாதையோடு விடை கொடுத்தனர். கனடாவின் வடபுலத்தைக் காக்கும் ரேஞ்சர்கள் அண்மைக்காலம் வரை, பனியிலும் உறையாது என்பதற்காகவே, இதை வைத்திருந்தார்கள். இலங்கையில் 2005 ஜூலையில் பல்லாயிரம் துவக்குகள் கொழும்பில் பகிரங்கமாக அழிக்கப்பட்டன. அழித்ததைக் குறை சொல்லேன். கட்டுத்துவக்கில் கால் இழந்தவரைத் தோட்ட ஆஸ்பத்திரியில் பார்த்தவன் எவனும் துவக்குக் குறைவதற்கு வருந்தமாட்டான்.

இருந்தாலும் எல்லாவற்றையும் உருக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. களஞ்சியங்களில் எஞ்சியிருக்கும் பழைய 303களுள் நான்கைந்தை எடுத்து, குழாயை அடைத்து, பூட்டை ஒட்டவைத்து, இனிச் சுடவே முடியாதபடி செய்து, கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றில் நடத்தப்படும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கட்டும். அங்கே கொழுந்துக் கூடை இருக்கிறது, அம்மியும் உரலும் இருக்கின்றன. எங்களைக் கட்டி மேய்த்த பொருள் இல்லாமல் நாங்கள் பயன்படுத்திய பொருட்களை மட்டும் காட்டினால் பார்க்க வரும் வெள்ளைக்காரருக்கு அது அழகான கிராமிய வாழ்க்கையாகவே படும். கூடைக்குப் பக்கத்தில் துவக்கு இருக்கட்டும். கீழே ஆலையின் பெயரோடு கோவிந்தனின் பெயரும் திகதியும் இருக்கட்டும். பாதுகாப்பு அமைச்சு மனம் வைத்தால் ஒரு மாத வேலை. மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதை ஒருமுறையாவது கேட்டுப் பார்க்கலாம்.

மருமகனுக்கு நான் சொன்னது வேறு. விற்றுவிடு என்று சொல்லவில்லை. அவன் உழைத்த காசு, அவன் நாட்டுச் சட்டம், அவன் ஆசை. அம்மா உயிரோடிருக்கும்வரை அதை வீட்டுக்கு வெளியே, சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய நண்பன் எவனிடமாவது, கொடுத்து வை என்றேன். சுட விரும்பும் ஞாயிறன்று அங்கே போய் எடுத்துக்கொள்ளட்டும். கொதிநீர் ஊற்றும் வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளட்டும். எங்கள் அப்பா துரைக்குக் கேத்தல் ஏந்தியதை அக்காவும் அதே தூணோரம் நின்று பார்த்தவள். இன்று அவளுடைய குசினிக் கேத்தலை எடுத்துக்கொண்டு மகன் நிலவறைக்கு இறங்கிப் போவதை அவள் எந்தக் கண்ணால் பார்க்கிறாள் என்று அவனிடம் கேட்டேன்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. "தாத்தாவா மாமா? அம்மா ஒருநாளும் சொல்லவில்லையே" என்றான். அவளிடமே கேள் என்றேன். கேட்டானா என்பது தெரியாது. மூன்று வாரமாகிறது, அவன் அழைப்பு இன்னும் வரவில்லை.