ஓட்டலில் ஒரு கண், பில்லில் ஒரு கண்

"அம்மா, பீட்சா!" என்று குழந்தைகள் அடம் பிடிக்காத வீடு இன்று அம்பத்தூரிலும் இல்லை, ஆவடியிலும் இல்லை. 1995-ல் பெங்களூருக்கு கே.எஃப்.சி. வந்தது. அடுத்த வருஷமே டெல்லிக்கும் மும்பைக்கும் மெக்டொனால்ட்ஸ் வந்தது. இப்போது பூந்தமல்லி வரை பர்கர் மணக்கிறது. எப்போதாவது போய்ச் சாப்பிடலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடக்கூடாது என்பது என் கட்சி.

உள்ளே போனதும் நான் பார்ப்பது மேஜையையும் கை கழுவும் இடத்தையும்தான். அங்கேயே பிசுபிசுப்பு என்றால் அடுப்படி எப்படி இருக்கும்?

அடுத்தது விலைப் பட்டியல். பத்துக் கிளைகளோ அதற்கு மேலோ உள்ள கடைகள், பண்டத்துக்குப் பண்டம் கலோரிக் கணக்கைப் போட்டாக வேண்டும் என்பது சட்டம். பெரியவர்களுக்கே நாளைக்குச் சுமார் 2,000 கலோரி போதும். பர்கர், உருளை வறுவல், கோலா மூன்றையும் கூட்டிப் பாருங்கள், பகீரென்றிருக்கும்! கோலாவை விட்டுத் தண்ணீர் கேளுங்கள். வறுவலைப் பங்கு போடுங்கள். ஆறி நமுத்துப்போய் வந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியில் பில். ஜி.எஸ்.டி. 5 சதவீதம் கட்டித்தான் ஆகணும். 'சர்வீஸ் சார்ஜ்' அப்படியல்ல. அதைத் தானாகச் சேர்க்கக்கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னது. டெல்லி உயர்நீதிமன்றமும் 2025-ல் அதை உறுதி செய்தது. ஒரு கடையில், "தம்பி, இதை எடுத்துடுப்பா" என்றேன். மேனேஜரைக் கேட்டு எடுத்துவிட்டார். ஓடியாடிப் பரிமாறிய அந்தப் பிள்ளை கையிலேயே இருபது ரூபாய் கொடுத்தேன்.

எடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால், சகோதரிகளே, 1915-க்குப் போன் போடுங்கள்.