தளை தட்டும் கணினி

மகனுக்கு விளையாட்டுக் கணினி ஒன்றைப் பாகம் பாகமாகத் தேர்ந்து கட்ட முனைந்தபோது, பட்டியலின் முக்கால் பங்குத் தொகையைக் கிராபிக்ஸ் கார்டே விழுங்கியிருந்தது. இது சமநிலையன்று. எங்கள் திரை 60 ஹெர்ட்ஸ். கார்டு நொடிக்கு 140 பிரேம்களை உருவாக்கினாலும், திரை 60 முறைக்கு மேல் புதுப்பித்துக் காட்டாது. 16 ஜிபி ரேமை ஒரே பட்டையாக அன்றி, 8 ஜிபி பட்டைகள் இரண்டாகப் பொருத்தினால் பிராசசர் இரு தடங்களில் தரவைப் பெறும்.

மிச்சத்தை எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தரலாம். முந்தைய கணினியில் அதற்கு நான் காட்டிய சிக்கனம் மதர்போர்டையும் சேர்த்து எரித்தது. 80 பிளஸ் முத்திரை மின்சாரச் சிக்கனத்தைத்தான் சொல்லும். பாதுகாப்புக்கு அது உறுதியன்று.

விளம்பரம் பேசாத உறுப்பே மற்றவற்றைத் தாங்குகிறது. ஓரசை பிழைத்தாலும் தளை தட்டும் என்று வகுப்பில் போதிப்பவனுக்கு, இது தாமதமாகவே விளங்கியது.