யாருடைய கைக்கு இந்த மட்டை?

“அண்ணா, 1,100 வெள்ளிக்கு ஒரு மட்டை பார்த்து வைத்திருக்கிறேன். பி.டி.பி.டி.என். பணமும் வந்துவிட்டது. வாங்கிவிடட்டுமா?”

ஒரு சனிக்கிழமை மாலை, பல்கலைக்கழக டென்னிஸ் திடலில் முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் சனிக்கிழமைகளில் அந்தத் திடலுக்குப் போய்வருகிறேன். அதனால் புதுமுக மாணவர்களுக்கு நான் ஓர் இலவச ஆலோசகன்! “கொஞ்சம் பொறு” என்றேன். அவள் முகம் சுருங்கியது. இந்த அண்ணன் கஞ்சன் என்று நினைத்திருப்பாள். அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமல்ல, அவளைப் போல் இந்த ஆண்டு கடைக்குப் போகவிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் முதுகையும் காட்ட வேண்டும் அல்லவா?

நான் பூப்பந்து ஆடி வளர்ந்தவன். இந்த நாட்டில் யார்தான் இல்லை? வீட்டுக்கு முன்னால் உள்ள சாலையில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் போதும், அதுதான் நமக்கு அரங்கம். பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் டென்னிஸ் பந்தைத் தொட்டேன். 2010ஆம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது, சொந்தமாக மட்டை வாங்கப் புறப்பட்டேன். அப்போது எங்கள் விடுதியில் பாதிப் பேர் ஃபெடரர் கட்சி, மீதிப் பேர் நடால் கட்சி. நான் முதல் கட்சி. ஆகவே ஃபெடரர் கையில் தொலைக்காட்சியில் பார்த்த அதே வகை மட்டையைத்தான் வாங்கினேன். தலைப்பரப்பு 90 சதுர அங்குலம். நரம்பு கட்டிய பிறகு அதன் எடை 350 கிராமைத் தாண்டியது.

ஒரு பூப்பந்து மட்டை ஏறத்தாழ 80 முதல் 90 கிராம். அதைச் சுழற்றிப் பழகிய என் கை, நான்கு மடங்கு எடையைப் பூப்பந்து மட்டையைப் போலவே மணிக்கட்டால் சுழற்றப் பார்த்தது. பந்து வந்து சேர்ந்த பிறகுதான் மட்டை வந்து சேரும். பின்கை அடியில் ஒவ்வொரு முறையும் பிந்தினேன். பிந்தியதை ஈடுகட்ட மணிக்கட்டைத் திருகினேன். இரண்டே மாதங்களில் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி தொடங்கியது. ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. தேநீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை. தேர்வு எழுதியதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான். மருத்துவர் ‘டென்னிஸ் எல்போ’ என்றார். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசை, முழங்கை எலும்போடு சேருமிடத்தில் நைந்து போவதுதான் அந்த நோய். விடுதிகளுக்கு இடையிலான போட்டியை வெளியில் உட்கார்ந்து பார்த்தேன்.

வலியைவிட எனக்கு உறுத்தியது பணம். அது அப்பா கொடுத்த பணம். பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் தாத்தா சிறுவனாக இருந்தபோது, துரைமார்கள் ஆடும் கிளப்பில் பந்து பொறுக்கிக் கொடுக்கும் வேலை பார்த்தவர். மட்டையைத் தொட்டதில்லை. நாங்கள் ‘மட்டை’ என்றால் தென்னை மட்டையைத்தான் நினைப்போம். அதை வெட்டிச் சீவித்தான் தோட்டத்தில் கிரிக்கெட் ஆடினார்கள். (செம்பனை மட்டை ஆகாது, முள் கிழித்துவிடும்.) பேரன் டென்னிஸ் ஆடப் போகிறான் என்றதும் அப்பா விலையைக்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஒரு கணம் யோசித்திருப்பேனோ என்னவோ!

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நாம் மட்டையைக் கண்ணால் தேர்ந்தெடுக்கிறோம். யார் கையில் அதைப் பார்த்தோம், என்ன நிறம், என்ன விலை என்பவை மூன்றும் நம்மை முடிவெடுக்க வைக்கின்றன. “நல்ல மட்டையாக வாங்கிவிட்டால் ஆட்டம் தானாக அதற்கேற்ப வளரும்” என்று சீனியர்களும் சொல்லிவிடுகிறார்கள். இது தவறு என்பேன். பள்ளிச் சட்டையை இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் பிள்ளை வளர்ந்து அதற்குள் வந்துவிடும். மட்டை அப்படியல்ல. பொருந்தாத மட்டை ஆட்டத்தை வளர்ப்பதற்கு முன் தவறான பழக்கத்தை வளர்த்துவிடும். அதைக் களைய எனக்கு ஓராண்டு பிடித்தது.

அதிலும் வேடிக்கை என்னவென்றால், நாம் பார்க்கும் மட்டை அவர்கள் மட்டையே அல்ல. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் சட்டத்தில் ஈயப் பட்டைகளை ஒட்டி எடையையும் சமநிலையையும் தமக்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள். பழைய சட்டத்துக்குப் புது வண்ணம் பூசி ஆடுவதும் அந்த உலகில் ஊரறிந்த இரகசியம். நாம் கடையில் வாங்குவது அந்த வண்ணத்தை மட்டும்தான்.

ஃபெடரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டு அவருக்குச் சரியாக அமையவில்லை. அந்த ஜூலையில் இரண்டு போட்டிகளில் பெரிய தலை கொண்ட மட்டையைச் சோதித்துப் பார்த்தார். தோற்றார். அதை ஒதுக்கிவிட்டுப் பழைய 90க்கே திரும்பினார். மீண்டும் 2014இல் 97 சதுர அங்குல மட்டைக்கு மாறினார். 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியாட்டத்தில் ஐந்து செட்டுகளில் நடாலை வென்றது அந்த 97ஐக் கொண்டுதான். 17 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களைக் கையில் வைத்திருந்த மனிதர், என் உடம்பு மாறிவிட்டது, என் மட்டையும் மாறட்டும் என்று சோதனைக்கு இறங்குகிறார். நாமோ அவர் கைவிட்ட மட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்!

சரி, கைக்கேற்ற மட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது? எடையில் தொடங்குங்கள். இங்கே இரண்டு பக்கமும் பள்ளம் உண்டு. என்னைப் போல் கனமானதை எடுத்து விழுகிறவர்கள் ஒரு பக்கம். “அப்படியானால் இருப்பதிலேயே இலேசானது” என்று போய் விழுகிறவர்கள் மறுபக்கம். இலேசான மட்டை கைக்கு இதம் என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில், வேகமாக வரும் பந்து மோதும்போது எடை குறைந்த மட்டைதான் அதிகமாக அதிரும், பின்வாங்கும், திரும்பும். அந்த அதிர்ச்சியைக் கைதான் வாங்க வேண்டும். இலேசான மட்டைகள் பலவற்றில் எடை தலைப்பக்கம் குவிந்திருக்கும், சட்டமும் விறைப்பாக இருக்கும். ஆகவே ஒரு மணி நேரம் ஆடிய பிறகும் உங்களால் பிந்தாமல் சுழற்ற முடிகிற எடையில் அதிகமானது எதுவோ, அதுவே உங்கள் எடை. கடையில் இரண்டு முறை காற்றில் வீசிப் பார்த்தால் இது தெரியாது. கற்றுக்கொண்டு ஓராண்டு ஆன பெரும்பாலோருக்கு நரம்பில்லாமல் 270 முதல் 300 கிராமுக்குள் அமைந்துவிடும். நரம்பு இன்னும் 15 கிராமுக்கு மேல் சேர்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தலைப்பரப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரமட்டைக் காலத்தில் அது 70 சதுர அங்குலத்தை எட்டுவதே அரிது. 1976இல் ஹோவர்ட் ஹெட் என்பவர் பிரின்ஸ் நிறுவனத்துக்காக 110 சதுர அங்குல மட்டையைக் கொண்டுவந்தபோது பலர் சிரித்தார்கள். இன்று 100 என்பதுதான் பொது வழக்கு. அந்தச் சிறிய மரத்தலையோடு 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன இராமநாதன் கிருஷ்ணனை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஆனால் நமக்கு 100 போதும். நடுவில் படாத பந்துக்கும் அது கொஞ்சம் மன்னிப்புக் கொடுக்கும்.

நாம் அறவே கவனிக்காத ஒன்று நரம்பு. மட்டைக்கு 1,000 வெள்ளி கொடுக்கத் தயங்காதவர்கள், நரம்பைக் கடைக்காரர் எதைக் கட்டினாலும் தலையாட்டுகிறார்கள். பந்து தொடுவது நரம்பை மட்டும்தானே! 1997இல் குவெர்டன் பாலியெஸ்டர் நரம்போடு பிரெஞ்சு ஓப்பனை வென்றார். அதன் பிறகு அந்த நரம்பு தொழில்முறை உலகத்தையே பிடித்துக்கொண்டது. அவர்கள் பந்தை அடிக்கும் வேகத்துக்கு அது சுழற்சியைக் கொடுக்கிறது. நம் வேகத்துக்கு அது வெறும் கம்பி. விறைப்பு அதிகம், இறுக்கமும் விரைவில் தளர்ந்துவிடும், ஆனால் எளிதில் அறுந்து தொலையாது. அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் செத்த நரம்போடு ஒரு வருடம் ஆடிக்கொண்டிருப்பார்கள். என் முழங்கையை நோகடித்ததில் அதற்கும் பங்குண்டு. தொடக்க நிலையினருக்கு நைலான் வகை நரம்பு, கையில் வலி உள்ளவர்களுக்குப் பல இழை சேர்த்த மென்மையான நரம்பு. இறுக்கம் 50 பவுண்டு அளவில் போதும். கூட்டினால் பந்து கட்டுக்குள் நிற்கும், ஆனால் கை உழைக்க வேண்டும். குறைத்தால் நரம்பே பந்தைத் தள்ளிவிடும். இயற்கைக் குடல்நரம்பு மிகவும் மென்மையானதுதான், ஆனால் விலையும் அதிகம், ஈரமும் ஆகாது. நம் ஊர் மழைக்கும் வியர்வைக்கும் அது சரிப்படாது. மட்டையை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். வெப்பம் எந்த நரம்பையும் தளர்த்திவிடும்.

பிடியின் பருமனைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஆடுவதுபோல் மட்டையைப் பிடியுங்கள். விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மற்றக் கையின் சுட்டுவிரல் நுழைய வேண்டும். ஐயம் இருந்தால் சிறியதை எடுங்கள். மேலே பட்டை சுற்றிப் பெரிதாக்கலாம், செதுக்கிச் சிறிதாக்குவது கடினம்.

“அப்படியானால் பேரங்காடியில் கிடைக்கும் 100 வெள்ளி அலுமினிய மட்டை போதுமா?” என்று சிலர் கேட்கக்கூடும். முதல் சில வாரம் போதும். வாரம் மூன்று நாள் ஆடத் தொடங்கிவிட்டால் போதாது. அதிர்வு கையைப் பதம் பார்த்துவிடும். நான் சொல்வது மலிவானதை வாங்குங்கள் என்பதல்ல. கிராஃபைட் மட்டைகளில் ஒவ்வொரு வகைக்கும் ஓரிரு ஆண்டுகளில் புதுப் பதிப்பு வருகிறது. பெரும்பாலும் மாறுவது வண்ணமும் விளம்பரச் சொல்லும்தான். புதியது வந்தவுடன் முந்தைய பதிப்பை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். நான் இப்போது ஆடும் மட்டையை அப்படித்தான் பாதி விலைக்கு வாங்கினேன். மிச்சமான பணத்தில் நான்கு முறை நரம்பு மாற்றிவிட்டேன்.

ஆனால் எதை வாங்குவதற்கு முன்பும் இரவல் வாங்கி ஆட வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகளுக்குச் சிக்கல். வீட்டில் டென்னிஸ் ஆடும் அப்பாவோ அத்தையோ இருந்தால், நான்கு மட்டைகளைத் தொட்டுப் பார்த்த பிறகே கடைக்குப் போவார்கள். நம்மில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதன்முதலாக மட்டை பிடிப்பவர்கள். கேட்க ஆளில்லாததால் விலையையே தரத்துக்கு அளவுகோலாக்கிக் கொள்கிறோம். கடன் பணத்தில் 1,100 வெள்ளி என்பது ஒரு மாணவிக்கு எத்தனை மாதச் சாப்பாடு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முன்னாள் மாணவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்கள் அலமாரிக்கு மேல் ஒரு மட்டை கிடக்கிறது. எனக்குத் தெரியும். திருமணத்துக்குப் பிறகு நீங்கள் அதைத் தொடவில்லை என்பதும் தெரியும்! அதை நம் மொழிக்கழக அறைக்குக் கொண்டுவந்து கொடுங்கள். வெவ்வேறு எடையில் ஐந்தாறு மட்டைகள் சேர்ந்தால் போதும். புத்தகம் இரவல் கொடுப்பதுபோல் ஒரு குறிப்பேட்டில் பெயரெழுதி, வாரத்துக்கு ஒன்றாகக் கொடுத்து வாங்கலாம். மொழிக்கழகத்துக்கும் மட்டைக்கும் என்ன தொடர்பு என்று செயலவையில் ஒருவர் கேட்டார். ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடத்தி, கோப்பை கொடுக்கும் கழகம்தானே இது? கோப்பைக்கு அலமாரி இருக்கிறது, மட்டைக்கு ஒரு மூலை இருக்காதா?

அந்தத் தங்கை இன்னும் மட்டை வாங்கவில்லை. நானும் என் நண்பர்கள் இருவரும் ஆளுக்கொரு பழைய மட்டையை அவளிடம் கொடுத்தோம். 310 கிராம் மட்டையை அவள் அரை மணி நேரத்தில் கீழே வைத்துவிட்டாள். 265 கிராமில் முன்கை அடி நன்றாக இருந்தது, ஆனால் வலையருகே பந்து பட்டதும் மட்டை கையில் திரும்பிவிடுகிறது என்றாள். இப்போது அவளிடம் இருப்பது 285. மூன்று வாரமாகத் திருப்பித் தரவில்லை. நேற்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்: நரம்பு அறுந்துவிட்டதாம். கட்டுகூலியை யார் கொடுப்பது என்று நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.