செத்தவன் இன்னும் சாவானா?



அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை. நாலு பேர் ஸ்கிராபிள் ஆடிக்கொண்டிருந்தோம். தமிழ் மீடியத்திலிருந்து வந்த நண்பன், 'டெட்' என்ற சொல்லோடு இரண்டு எழுத்தைச் சேர்த்து 'டெடர்' என்று வைத்தான். எட்டுப் பாயிண்ட். "செத்தவன் இன்னும் அதிகமா எப்படிடா சாவான்?" என்று சிரித்தோம். நானுந்தான். அவன் பேசாமல் காய்களை எடுத்துக்கொண்டான். ஆறு பாயிண்டில் தோற்றான்.

சின்னச் சொல்லுக்கு 'இ-ஆர்', நீண்ட சொல்லுக்கு முன்னால் 'மோர்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தது சரிதான். ஆனால் இந்த ஆட்டத்துக்கு நீதிபதி இலக்கணமும் இல்லை, அர்த்தமும் இல்லை, அகராதி. போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் பட்டியலில் 'டெடர்' இருக்கிறது, 'ஃபன்னர்' இருக்கிறது, 'யுனிக்கர்' கூட இருக்கிறது! ஒப்பற்ற ஒன்று இன்னும் ஒப்பற்றதாவது எப்படி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. 'அதைவிடப் பெரிய' என்றால் தீர்ந்தது, 'பெரிய' மாறுவதில்லை. நன்னூலார் ஒப்புப் பொருளை ஐந்தாம் வேற்றுமையில் வைத்துவிட்டார். அப்படி வளர்ந்தவன் ஆங்கில விதியைச் சரியாகப் பிடித்தானே, அதை நாங்கள் கவனிக்கவில்லை.

என் கட்சி இதுதான். எந்த அகராதி என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். ஆட்சேபித்தவன் தப்பு என்றால் எதிராளிக்குப் பாயிண்ட் போகட்டும். பெரிய போட்டிகளில் அப்படித்தான். இங்கிலீஷ் நல்லாப் பேசுறவன் சொன்னதே தீர்ப்பு என்றால் அது ஆட்டமே இல்லை.

மறுநாள் தவளக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் போனில் அந்தச் சொல்லைக் காட்டினேன். "எனக்கு அப்பவே தெரியும்டா. உங்க சிரிப்புக்கு முன்னால எப்படிச் சொல்றது?" என்றான்.