எண்களைத் திருத்துவது ஏமாற்று அன்று

பீம்என்ஜி போன்ற வாகனப் பாவனை விளையாட்டுகளில் உரைக்கோப்பைத் திறந்து எஞ்சினின் முறுக்குவிசையைத் திருத்தும் மாணவரை ‘ஏமாற்றுக்காரர்’ என ஒதுக்குவோர் ஒன்றை மறக்கின்றனர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் அதை உறுதிசெய்தது. எனவே மாணவருக்கு எஞ்சிய சோதனைக்களம் திரையே. அங்கே நிமிடத்திற்கு 6000 சுழற்சியில் 200 நியூட்டன் மீட்டரை 400 ஆக்கினால், திறன் 126 கிலோவாட்டிலிருந்து 251 ஆகிறது. பற்சக்கரப் பெட்டி தாங்குமா, பிரேக் போதுமா? அக்கேள்வியே பொறியியலின் தொடக்கம். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தோன்றிய திருவனந்தபுரத்தில், கோப்பைத் திறப்பதையே குற்றமாக்குவது அந்நகரின் மரபுக்கு முரண். கண்டிக்கத்தக்கது திருத்தம் அன்று. திருத்தியதை மறைத்துப் போட்டியில் வெல்வதே.